மூன்று டின்

மார்போடு அணைத்த சின்ன டின்னை பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாதபடி இருளாயி முந்தானையால் மூடியிருந்தாள்.

"மொகத அக்கே, என்ன அது, மாணிக்கமா? பொலிஸ் புடிச்சா நம்ம பேர் சொல்லவேணாம்!" கண்டக்டர் கண்ணடித்தான். குருவிட்டவில் ஏறியவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா தம்பி, நீலக்கல்லு" என்றாள். டின்னில் இருப்பது மலம் என்றால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொன்னால் எந்தக் கிளினிக் என்பார்கள். புருஷன் காத்தமுத்துவுக்கு எச்.ஐ.வி. என்று தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தெரிந்தால், அன்றைக்கே பைப்படியில் அவள் குடத்தை உதைத்துத் தள்ளுவார்கள்.

இரத்தினபுரி கிளினிக்கில் நர்ஸ் ஜெஸீமா மூன்றாவது டின்னையும் வாங்கி அவன் பெயரை எழுதி ஒட்டினாள்.

"இங்கதான் பேரெல்லாம். தோட்டத்துல வயித்துப் பூச்சி பாக்க வீட்டுக்கு ஒரு டின் குடுத்தா போதுங்க மிஸி" என்றாள் இருளாயி.

"இது வேற பூச்சி. வெறுங்கால் வழியா ஏறி வருஷக்கணக்கா ஒளிஞ்சிரிக்கும். நிறையப் பேருக்கு இரிக்கிறதே தெரியாது. அதான் இந்த நோய்க்காரங்க எல்லாருக்கும் மூணு தடவை பாக்கிறோம். அவர் எப்படி?"

"கழுத்து வீக்கம் தொண்டைய அடைக்குதுங்க. அஞ்சு நாளா ரெண்டு கரண்டி கஞ்சித்தண்ணியோட சரி. வீக்கம் வத்துற மாத்திரைய இன்னைக்காவது குடுங்க மிஸி, செத்துருவாரு."

"ரிப்போர்ட் பாக்காம டொக்டர் தரவே மாட்டார்."

இரண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. மூன்று டின்னிலும் பூச்சி இல்லை. இருளாயி மாத்திரை உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பொடித்துக் கரைத்து ஊட்டினாள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. காத்தமுத்து ரொட்டி கேட்டுச் சாப்பிட்டான்.

"அடுத்த மாசம் மாணிக்கக் குழியில எறங்கிருவேன் புள்ள."

"முதல்ல கட்டில விட்டு எறங்குங்க!" அவள் சிரித்து வெகுநாளாயிற்று.

பன்னிரண்டாம் நாள் வயிறு உப்பியது. இருமலில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் உயிர் போய்விட்டது.

டொக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில் அவர் கொதித்ததை ஜெஸீமா தமிழில் சொன்னாள்.

"சளியிலயும் பூச்சியாம். உள்ளே இது இரிக்கிற ஆளுக்கு அந்த வீக்க மாத்திரை குடுத்தா, பூச்சி பெருகி ஆளையே கொன்னுடும். அதுக்குத்தானே மூணு தடவை பாத்தோம்! ஒண்ணுலயும் இல்லாமப் போனது எப்படின்னு கேக்கிறார்."

இருளாயி முந்தானையை இழுத்து மார்போடு போர்த்தினாள்.

"சாப்பிடாத மனுசனுக்கு என்னாங்க மிஸி வரும்?"

ஜெஸீமா ரிப்போர்ட்டை வாங்கி அதிலிருந்த அவன் பெயரைப் பார்த்தாள்.

"மூணு டின்னும் என்னோடதுங்க."