விமான எண் போட்ட வளையல்

என் கணவர் விமானம் ஓட்டும் கம்பெனியிலிருந்து பூங்கோதை என்ற அதிகாரி என் வளைகாப்புக்கு வந்தாள். பழைய விமானங்களுக்குப் பதிலாக ஆர்டர் கொடுத்த புது விமானங்கள் வந்துசேர இருபத்தைந்து வருடம் ஆகுமாம். அதில் ஒன்றை ஓட்ட என் வயிற்றுப் பிள்ளையை இப்போதே பதிவு செய்தாகிவிட்டதாம். அந்த விமானத்தின் எண் போட்ட கண்ணாடி வளையலை என் கையில் மாட்டிவிட்டாள்.

"என்னை யார் கேட்டா?"

"சார் கையெழுத்துப் போட்டுட்டார், மேடம்."

மனுஷன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை பிறக்கும்வரை வளைகாப்பு வளையலைக் கழற்றக் கூடாது. நான் கழற்றவில்லை, சுவரில் அடித்து உடைத்தேன். மணிக்கட்டில் ரத்தம் வந்தது.

பூங்கோதை பதறவில்லை. பையிலிருந்து அடுத்த எண் போட்ட வளையலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது ரெண்டாவது குழந்தைக்கு, மேடம். அதுக்கும் சார் கையெழுத்துப் போட்டிருக்கார்."