புள்ளி உதிர்ந்த தமிழ்

ஊரிலுள்ள சமையல் இயந்திரங்களுக்குப் புதிய மென்பொருள் பதிப்பை அனுப்புவது எஸ்தரின் வேலை. இந்த முறை அவளுடைய ஸ்கிரிப்டில், எழுத்துகளை யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் படிக்கச் சொல்லும் வரி விடுபட்டுப் போயிற்று. இயந்திரங்கள் எல்லாம் புள்ளி இல்லாத தமிழ் பேசத் தொடங்கின.

அவள் வீட்டு இயந்திரமும், "கணணு, சாபபிடு செலலம," என்று கிண்ணத்தை நீட்டியது. சோற்றைக் கண்டாலே ஓடுகிற இரண்டு வயது ஜெனிட்டா, கெக்கலித்துச் சிரித்தபடி வாயைத் திறந்தாள்.

"இப்படியே விட்ரு எஸ்தர். பிள்ள சாப்பிடுதுல்லா!" என்று கெஞ்சினான் கணவன் அருமைராஜ்.

"ஊரே சிரிக்குது. என் வேல போயிரும்," என்ற எஸ்தர், அந்த வரியைச் சேர்த்து ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள்.

"கண்ணு, சாப்பிடு செல்லம்," என்று இயந்திரம் திருத்தமாகச் சொன்னது. ஜெனிட்டா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வேறு வழியின்றி எஸ்தரே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "வாயத தொறககணும, கணணு," என்று ஊட்டத் தொடங்கினாள். பாதிச் சோறு இறங்கியபோது மேலாளர் போனில் அழைத்தார்.

"என்னம்மா, சரி பண்ணியாச்சா?"

"பணணியாசசு, சார," என்று சொல்லிவிட்டு எஸ்தர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மேலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உஙக வீடடுலயும சாபபிட மாடடேஙகுதாமமா?"