மீனுக்குத் தண்ணி பழகணும்

"மீனுக்கு இன்னும் தண்ணி பழகலையாம். அதனால அப்பா வரக் கூடாதாம். கேட்டீங்களா கதையை?"

பெதானி போனை சோபாவில் எறிந்தாள். கணவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாமனார் விஷயத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மா போனதிலிருந்து அப்பா எட்மண்ட் குவீன்ஸ்டவுன் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். துணைக்குத் தொட்டியில் சில தங்கமீன்கள். காலையில் ரொட்டி, மத்தியானம் காப்பிக்கடை, ராத்திரி பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இது தெரிந்ததும், சிங்கப்பூரின் மறுகோடியில் இருந்த தம்பி எலைஜா, "பாசிர் ரிஸ்ஸுக்கு எங்களோட வந்துடுங்கப்பா" என்றான். அப்பாவும் தலையை ஆட்டினார். அறை தயார், கட்டில் தயார். மீனுக்குப் புதுத் தொட்டிகூட வந்துவிட்டது.

குறுக்கே வந்தவள் எலைஜாவின் மனைவி ரெஜினாதான்.

"முதல்ல மீனுக்குப் புதுத் தண்ணி பழகட்டும். அவசரப்பட்டா செத்துப்போயிடும். அப்புறம் மாமா வரட்டும்."

சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

"அப்பாவை வச்சுக்க அவளுக்கு இஷ்டமில்லை. நேரா சொல்ல வேண்டியதுதானே? வாயில்லா ஜீவனைச் சாக்கு வைக்கிறா!"

சனிக்கிழமை பெதானி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். பாசிர் ரிஸ்ஸில் ரயிலை விட்டு இறங்கி நடந்தபோது ஒரு மீன் கடை கண்ணில் பட்டது. உள்ளே நுழைந்தாள்.

"பாய், தங்கமீனை வீடு மாத்தணும்னா எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா?" கடைக்காரர் அப்துல் மஜீது சிரித்துவிட்டார். "புதுத் தண்ணியில குளோரின் எடுக்குற மருந்தை ஊத்துங்க. பழைய ஃபில்டர் பஞ்சை அதுல போடுங்க. மீனைப் பையோட மிதக்க விடுங்க, சூடு ஒண்ணாகட்டும். அப்புறம் தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா பைக்குள்ள விட்டுக்கிட்டே இருங்க. கடைசியில மீனை மட்டும் வலையில எடுத்துத் தொட்டியில விடுங்க. ஒரு மணி நேர வேலை லா!"

ஒரு மணி நேரம்!

பெதானி லிஃப்டில் ஏறும்போதே சண்டைக்கு வார்த்தை தேடிக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் அப்பா. கைலி கட்டியிருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"நீங்க எப்பப்பா இங்க வந்தீங்க?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்றேனே. ரெஜினா ரயில் ஏறி வந்து கூட்டிட்டு வருவா. வர்றப்ப அந்த வீட்டு மீன் தொட்டித் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வந்து இந்தப் புதுத் தொட்டியில ஊத்துவோம். சாப்பிடுவேன், படுப்பேன். சாயங்காலம் கொண்டுபோய் விட்டுடுவா."

"போன்ல சொல்லவே இல்லையே?"

"நீ எங்கம்மா கேட்ட? எப்ப வீடு மாறப் போறீங்கன்னுதானே கேட்ட?"

மீன் இல்லாத தொட்டியில் பாட்டிலை மெல்லக் கவிழ்த்தார். பெதானிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வயசான மனுஷனை இப்படியா அலைய விடுவது? நேராகச் சமையலறைக்குள் போனாள்.

"கடையில கேட்டுட்டுத்தான் வர்றேன் ரெஜினா. மீனுக்கு ஒரு மணி நேரம் போதுமாம். யாரை ஏமாத்துற?"

ரெஜினா அடுப்பைத் தணித்தாள். ஹாலை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாக்கா, மாமாவுக்குக் கேட்டுடும். ஒரு மணி நேரம் போதும்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம்?"

"அறையைக் காட்டக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு நீங்க பார்க்கலையே. விருந்தாளி மாதிரி கட்டில் நுனியில உக்காந்திருந்தார். பாத்ரூம் போகக்கூட என்கிட்ட, 'போகலாமாம்மா'ன்னு கேட்டார். திடீர்னு அந்த வீட்டைப் பூட்டிட்டு இங்க கொண்டு வந்து விட்டா மனுஷர் உடைஞ்சு போயிடுவாரோன்னு பயந்துட்டேன். 'உங்களுக்குக் கொஞ்ச நாள் வேணும் மாமா'ன்னு சொன்னா ஒத்துக்குவாரா? அதான் மீன் மேல போட்டேன்."

பெதானி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் படம் சுவரில் மாட்டியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் அப்பாவின் ரேடியோ. வந்தபோது எதுவும் கண்ணில் படவில்லை.

"எல்லாம் அவரே ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்ததுக்கா. போன வாரம் என்னைக் கேக்காம ஃபிரிட்ஜைத் திறந்து தயிர் எடுத்துக்கிட்டார்!"

பரிசு வாங்கியவள் போலச் சொன்னாள் ரெஜினா. பெதானி அடுப்பருகே போனாள். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய்க் கொஞ்சம் உக்காரு" என்றாள்.

சாயங்காலம் பெதானிதான் அப்பாவை ரயிலில் கூட்டிப் போனாள். உட்கார இடம் கிடைத்தது.

"மீனை எப்பப்பா கொண்டு வரலாம்?"

"அடுத்த வாரம் கொண்டு வந்துடலாம்னு நினைக்கிறேன்."

"தண்ணி பழகிடுச்சா?"

எட்மண்ட் ரகசியமாகச் சிரித்தார். மகளின் காதருகே குனிந்தார்.

"நீ பிறக்குறதுக்கு முன்னாடியிருந்து மீன் வளர்க்குறேன். ஒரு மணி நேரம் போதும்னு எனக்குத் தெரியாதாம்மா? ரெஜினாகிட்ட சொல்லிடாதே. பாவம், அவ வீட்டுல திடீர்னு ஒரு கிழவன் வந்து உக்காந்தா தடுமாறிப் போயிட மாட்டாளா? அவளுக்கு நான் பழக வேணாமா?"