பறிமுதல் சீட்டு

கேப்டன் பிரெண்டல் உறையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது பத்தொன்பது பக்கம். கைதி லவெல் கையால் எழுதிய சிவில் உரிமை வழக்கு. பிரதிவாதி, கேப்டன் பிரெண்டல்.

சிறையின் தபால் ஜன்னலில் வழக்கமாக உட்காரும் ஆளை அனுப்பிவிட்டு, அன்று அவரே வந்து அமர்ந்திருந்தார். தன்மேல் வழக்குப் போடுகிறவனை நேரில் பார்க்கும் ஆசை பெரிய மனிதர்களுக்கும் இருக்கும் போலிருக்கிறது.

லவெலுக்குப் பின்னால் வரிசையில் நான். ஐந்து வருடமாக ஒரே அறையில் அவன் குறட்டையைக் கேட்டுவருகிறவன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரிக் காலையில், எங்கள் பிளாக்கில் யாரோ செல்போன் வைத்திருப்பதாக கேப்டனுக்குத் தகவல் வந்தது. நாற்பது பேரை முற்றத்துப் பனியில் வெறுங்காலோடு மூன்று மணி நேரம் நிறுத்திவைத்து, மெத்தைகளைக் கிழித்துத் தேடினார்.

செல்போன் கிடைக்கவில்லை. குளிரில் மரத்துக் கருகி, லவெலின் இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

சோதனை வெற்றி என்று அறிக்கை எழுதினார். பொய் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று பறிமுதல் ஆகியிருந்ததே.

வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. அதற்கு முன்னால் சிறைக்குள்ளேயே மனுப் போட வேண்டும். சிறை அதை நிராகரித்த பிறகுதான் கோர்ட் காது கொடுக்கும். சிறை ஆற அமர பதினொரு முறை நிராகரித்தது.

கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று புதன். மூன்று மணி தபால் வண்டியை விட்டால், விரல்கள் போன வழியில் வழக்கும் போய்விடும்.

கேப்டனின் கட்டைவிரல் உறையின் நடுவில் நின்றது. அங்கே ஒரு புடைப்பு.

"என்ன வக்கீலய்யா, உள்ள ஏதோ கெட்டியா நீளமா இருக்கு?"

"மனுவ நிராகரிச்ச தாளுங்க, கேப்டன். பதினொண்ணையும் சேத்து மடிச்சு ஒட்டியிருக்கேன்."

"செல்போன் சைஸுக்கா மடிப்பாங்க?"

"கைக்கு அப்படித்தான் வந்துச்சு."

நான் குறுக்கே புகுந்தேன். "பிரிச்சுப் பாத்துடுங்களேன், கேப்டன். ஆளு முன்னாலதானே நிக்கிறான்."

"முறைன்னு ஒண்ணு இருக்குய்யா. எக்ஸ்ரேக்குப் போகணும். எழுபத்திரண்டு மணி நேரம்."

"சனிக்கிழம ஆயிடுமே."

"ஆமா, ஆயிடும்ல?"

பிரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் அரை நிமிடத்தில் வெள்ளிக்கிழமை கடந்துபோகாதே.

பறிமுதல் படிவத்தை எடுத்தார். அவரே வடிவமைத்தது. அதன்மேல் அவருக்குப் பெற்ற பாசம். என்ன பொருள், என்ன தேதி, நிமிடம் வரை நேரம், யார் கையிலிருந்து யார் கைக்கு, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தார். ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினார். தன் பதவியை இரண்டு இடத்தில் எழுதினார். முத்திரையை வாயால் ஊதி, அழுத்திக் குத்தினார்.

மஞ்சள் நகல் கைதிக்கு.

லவெல் வாங்கிக்கொண்டு, "நன்றி, கேப்டன்" என்றான். பணிவாகத்தான் சொன்னான்.

நடை முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். "அறிவிருக்காடா உனக்கு? தட்டையா வச்சிருந்தா இந்நேரம் தபால் மூட்டைல விழுந்திருக்கும். ரெண்டு வருஷம்டா."

"கத்தாத, பெருசு. மை காயணும்."

சீட்டை இரண்டு விரல் நுனியில் பிடித்தபடி விந்தி விந்தி நடந்தான்.

"தபால் பெட்டில போட்டா சீட்டு தருவாங்களா?"

"தர மாட்டாங்க."

"ஜன்னல்ல குடுத்தா?"

"இது வரைக்கும் எவனுக்குத் தந்திருக்காங்க?"

"பிடுங்குனா?"

நான் அவன் விரல் நுனியிலிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தேன்.

"கைதி போடுற வழக்கு கோர்ட்டுக்கு என்னிக்குப் போய்ச் சேந்துச்சுன்னு சட்டம் பாக்கறதில்ல, பெருசு. அவன் கைய விட்டு ஜெயில் கைக்கு என்னிக்கு மாறுச்சோ, அன்னிக்கே தாக்கல் ஆன மாதிரி. ஆனா மாறுச்சுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? அதிகாரி ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்ல."

வெளியே மூன்று மணி வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் நிமிரவில்லை.

"உறையத் தொலைச்சுட்டாருன்னா?" என்றேன்.

"அதுக்கும் சீட்டுலயே பதில் இருக்கு, யார் கைக்குப் போச்சுன்னு. வழக்க இன்னொரு தடவ எழுதி வச்சிருக்கேன், பத்தொம்பது பக்கமும். அதெல்லாம் பெரிய வேலையே இல்ல."

அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, விரல் போன காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"அந்தத் தாளுங்களதான் நாலு தடவ பிரிச்சுப் பிரிச்சு மடிச்சேன். மூணு தடவ செல்போன் மாதிரியே வரல."