ரஸ்தாளி அல்ல, பூவன்

காவிரியைத் தூக்கி ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே வைத்துவிட்டு, பப்ளிஷ் பட்டனை அமுக்கினேன்.

தெற்கே காலியான இடத்தில் கொள்ளிடத்தை ஓட விட்டிருந்தேன்.

ராஜகோபுரத்தைக் கிழக்கு பார்க்கத் திருப்பியாயிற்று. மலைக்கோட்டையிலிருந்து பாலமே ஏறாமல் பொடிநடையாக வந்து ரங்கநாதரைச் சேவித்துவிடலாம் என்றும் எழுதியிருந்தேன்.

மூன்றுமே வேண்டுமென்று செய்த தப்பு.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில், போனைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரே ஒருவர் வந்து இதெல்லாம் தப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பெயர் பெரியண்ணன். பார்த்ததில்லை, பேசியதில்லை. திருச்சியைச் சுற்றி நான் பார்க்கிற இடங்களைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதுகிறேன். என்ன எழுதினாலும் அதற்குக் கீழே அவருடைய ஒரு வரி இருக்கும். காட்டூர் பஸ் அந்த வழியாகப் போகாது, நன்றி. அந்தக் குளத்துக்கு நாலு படித்துறை இல்லை, மூன்று, நன்றி. எந்தத் திருத்தமும் நன்றி இல்லாமல் முடிந்ததில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு படம் போட்டேன். ஜீயபுரத்தில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தது. வாழைத்தோப்பு, நடுவில், தலையில் துண்டைக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிற ஒருவர். இடுப்புக்குக் கீழே பாதி வரப்பு மறைத்திருந்தது. 'ரஸ்தாளித் தோப்பில் ஓய்வறியாத தாத்தா' என்று கீழே எழுதினேன். தாத்தாவின் உழைப்பை வணங்கி முப்பது பேர் வந்தார்கள்.

பெரியண்ணனும் வந்தார். 'ரஸ்தாளி அல்ல, பூவன். நன்றி.'

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாழைக்கெல்லாம் ஆதார் கார்டு கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவு தெரிந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்களேன் என்று பதில் போட்டுவிட்டேன். பதினேழு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

அதோடு அவர் வரவில்லை.

மற்ற எல்லோரும் வந்தார்கள். அதுதான் கஷ்டம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் என் பக்கம் வந்து 'அருமை' சொன்னால், நானும் உங்கள் பக்கம் வந்து 'அருமை' சொல்லிவிட்டுப் போக வேண்டும். படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. போன வாரம் ஒருவர் ஸ்கூட்டர் திருட்டுப் போன கதையை எழுதியிருந்தார். அங்கேயும் 'அருமை, தொடருங்கள்' என்று போட்டுவிட்டு வந்தவன் நான்.

போன் அதிர்ந்தது. 'அருமை.'

இன்னொன்று. 'நேரில் பார்த்தது போல் இருக்கிறது.'

சிங்கப்பூரிலிருந்து ஒருவர், ஊருக்குத் தெற்கே ஓடும் அந்தக் கொள்ளிடத்தில்தான் தான் நீச்சல் பழகியதாகவும், படிக்கும்போதே கண் கலங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

என்னோடு வேலை பார்க்கும் யமுனா பக்கத்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்தாள். புத்தி கெட்டுப் போயிற்றா என்று கேட்டாள். ஊரையே இப்படி மாற்றிப் போட்டால் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியாது, வந்தே தீருவார் என்று என் திட்டத்தைச் சொன்னேன்.

"மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை எழுதக் கை வரல. அதுக்குக் காவிரியவே தூக்கி அந்தப் பக்கம் வெச்சிருக்க. நல்லா இருக்கு பாலு."

பதினேழு பேர் சிரித்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபமில்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் அவளே போனைப் பிடுங்கி எழுதிவிடுவாள் போலிருந்தது. பதிவின் கடைசியில் சேர்த்தேன்: 'பெரியண்ணன் ஐயா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. அது பூவன்தான். திரும்ப வாங்க.'

டீயில் ஆடை கட்டியது. ஒரு ரயில் வந்து, நின்று, போனது. மூன்று 'அருமை' வந்தது.

அப்புறம் பெரியண்ணன்.

நீளமாக இருந்தது. ஒரு வரிக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. யமுனா போனை வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

'தம்பி, நாலு தப்பு இருக்கு. ஆறு ரெண்டும் இடம் மாறிக் கெடக்கு. ராஜகோபுரம் தெக்கு பாத்தது. மலைக்கோட்டையிலேர்ந்து வரணும்னா பாலம் ஏறித்தான் ஆகணும். இந்த மூணும் நீங்க வேணும்னே வெச்சதுன்னு தெரியுது. நாலாவது, நான் ஐயா இல்ல. பெரியண்ணன் எங்க வீட்டுக்காரர். போன் அவருது, படிக்கிறது நான். பேரு ரெங்கம்மாள். கோவமெல்லாம் இல்ல. நீங்களே எழுதிக்கங்கன்னு சொன்னீங்க, ஏழு வாரமா எழுதிப் பாத்தேன். எனக்கு வரல. நன்றி.'

பழக்கதோஷத்தில் 'வருகைக்கு நன்றி' என்று அடித்தேன். அழித்தேன்.

அக்கா, ஓடுற பஸ்ஸிலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அது பூவன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு எழுதினேன்.

உடனே பதில் வந்தது. 'நான் நட்டதுதானே தம்பி. நன்றி.'

யமுனா அந்தப் பழைய படத்துக்குப் போனாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். சட்டைக்குக் கீழே, வரப்பு மறைக்காத இடம் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"பாலு, இந்தத் தாத்தா புடவை கட்டியிருக்காரு."

தூக்கிச் செருகிய புடவை. சேறு பட்ட பச்சைக் கரை.

அன்றைக்கு அந்தம்மா வாழையை மட்டும் திருத்திவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.