அம்பூரி ஏற்றம்

டமாரென்று ஒரு சத்தம். காக்கைகள் சிதறிப் பறந்தன. பாறசாலையில் சானுவின் ஷெட்டிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வெளியே பாய்ந்தது. பழைய காலத்து மாடலைப் பார்த்து அவனே ஃபைபரில் வார்த்த கார். முதலில் வைத்த பழைய எஞ்சின் அம்பூரி மலை ஏற்றத்தில் திணறி நின்றுபோனதால், இப்போது புது எஞ்சின் மாட்டியிருந்தான். மாட்டுவதற்கு முன் போதகரை வரவழைத்து ஜெபமும் செய்தாயிற்று. அன்று சானு போல்ட் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்ததால், மனைவி லிஷாதான் கூட நின்றாள்.

"எலே மச்சான், இன்னைக்கும் ஒனக்க பொம்மக் கார நான் தள்ளணுமோ?" பக்கத்து சீட்டிலிருந்து சிரித்தான் லிஷாவின் அண்ணன் ஜெபின்.

கார் ஒரே மூச்சில் அம்பூரி ஏறியது. ரப்பர் வெட்டுகிறவர்கள் நின்று கைதட்டினார்கள்.

"சம்மதிச்சேன் மச்சான், நீ ஜெயிச்சாச்சு!" என்றான் ஜெபின். சானுவின் நெஞ்சு நிமிர்ந்தது.

வீடு திரும்பியதும் பானெட்டைத் திறந்து, சுடும் என்று புது எஞ்சினை விரல் நுனியால் தொட்டான். சில்லென்றிருந்தது.

ஷெட்டின் மூலையில், பெட்ரோலும் பாட்டரியும் இல்லாமல் பலகைமேல் கிடந்த பழைய எஞ்சினிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதைத் தொட்ட ஜெபின் கையை உதறினான்.

லிஷா பழைய எஞ்சினைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு ரெண்டு எஞ்சினும் தரையில கெடந்துதுல்லா... போதகரு கைவச்சு ஜெபிச்சது இதுலயாக்கும்."