பார்வையாளர் நாற்காலி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவிப்ரியா சட்னியும் காய்த்துருவலும் நடுவே வைத்த தட்டுவடை செட் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். இந்தப் பக்கம் பிரபா கையிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டாள். போட்ட வேகத்தைப் பார்த்தால் தீர்ப்பு எழுதுகிற மாதிரி இருந்தது.

தீர்ப்புதான். பிரபாவின் மகன் நவீன்குமாருக்கு வந்திருந்த சம்பந்தம்தான் தேவிப்ரியா. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவைப் பார்த்த பையன், கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று சொல்லிவிட்டான். பிரபாவுக்கு மட்டும் பெண்ணின் உடம்பு பொருந்தவில்லை.

"பொண்ணு திருச்செங்கோட்டுக் காலேஜ்ல தீனி ஆராய்ச்சியில இருக்குதுங்க. மனுசருங்க எதுக்கு அளவு தெரியாம அள்ளி அள்ளித் திங்கறாங்கன்னு பாக்கறாங்களாமா" என்று தரகர் சென்றாயன் சொல்லியிருந்தார்.

"புடிச்சு வெச்சு ஆராயற அளவுக்குத் திங்குதாக்கும்!" என்று பிரபா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த ஆராய்ச்சிக்குப் பார்வையாளராக உட்கார, நாற்பது வயது தாண்டிய பெண்கள் தேவை என்று கல்லூரியில் அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்று சொல்லாமல், யாரோ எவரோ போலப் பிரபா வந்து சேர்ந்தாள். இரண்டு பக்க ஒப்புதல் தாளை நீட்டினார்கள். அடுத்தவர் வாயைப் பார்க்க வந்த அவசரத்தில் அதையெல்லாம் படிக்க ஏது நேரம்? கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மாணவி அறிவுச்செல்வி வேலையைச் சொல்லிக் கொடுத்தாள்.

"இருவது நிமிசத்துல அவங்க எத்தன சாப்படறாங்கன்னு கோடு போட்டாப் போதுமுங்க." கூடவே பிரபாவின் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். "அம்மாபேட்டையில வாங்கியாந்ததுங்க. நீங்களும் எடுத்துக்கங்க."

"எனக்கு வேண்டாங்கண்ணு. வெள்ளிக்கெழம, ஒருசந்தி."

பிரபா விரதத்தில் கண்டிப்பானவள். ஆனாலும் ஒரு பிள்ளை ஆசையாக வைத்ததை ஒதுக்கினால் அதுவும் பாவம்தானே? மலைமேல் இருக்கிற சாமி புரிந்துகொள்வார் என்று ஒன்றே ஒன்றை எடுத்தாள்.

"கன்னத்தப் பாரு கண்ணு, பூரியாட்ட!" என்றாள். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வாயக் கட்டத் தெரியறதில்ல. நானெல்லாம் கல்யாணத்துக்குத் தெச்ச ரவிக்கைய இன்னும் போட்டுக்கறனாக்கும்."

வாய் பேசிக்கொண்டிருந்தது. கை தன் வேலையைப் பார்த்தது.

அந்தப் பக்கம் தேவிப்ரியா நிதானமாக மென்றாள், தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எதையோ குறித்துக்கொண்டாள்.

"என்னத்த எழுதுது?"

"குறிப்புங்க."

"சட்னி காரம் பத்தாதுன்னு எழுதுதாக்கும்! தின்னது பத்தாதுன்னு எழுத்து வேற!"

அறிவுச்செல்வி காலித் தட்டை எடுத்துவிட்டு நிறைந்த தட்டை வைத்தாள். பிரபா கவனிக்கவில்லை. அடுத்தவர் குற்றத்தைப் பார்க்கும்போது ஆண்டவன் நம் கையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறான். பாவம், அவனுக்கும் பொழுது போக வேண்டுமே.

மணி அடித்தது.

"நாலு!" பிரபா தாளைத் தூக்கிக் காட்டி, கண்ணாடி தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னாள். "இருவது நிமிசத்துல நாலு! இது எங்கூட்டுக்கு மருமகளா வந்தா அடுப்ப அணைக்கவே முடியாது சாமி. எம்பையன் அழுதாலும் செரி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தரகர்கிட்ட இப்பவே சொல்லிப்போடறன்."

யாரோ எவரோ போல வந்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. செல்போனை எடுத்தாள். விரலெல்லாம் சட்னி, திரை நகரவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

ஒரு கையில் குறிப்புத் தாளும் ஒரு கையில் சொம்புத் தண்ணீருமாகத் தேவிப்ரியா வந்தாள். அறிவுச்செல்வி சட்டென்று எழுந்து நின்றாள்.

"மேடம், இவங்களுது முடிஞ்சுதுங்க. எத்தன எழுதியிருக்கீங்க?"

பிரபாவின் கை முந்தானையிலேயே நின்றது. தேவிப்ரியா தண்ணீரை அவளிடம் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தாளை எவருக்கும் தெரியாமல் நான்காக மடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னாள்:

"பதினாலுங்க அத்தை... பயப்படாதீங்க, ஆராய்ச்சியில நாங்க யாரு பேரும் எழுத மாட்டோம்."